சொகுசுக் கப்பலை வேலூரிலிருந்து தேடும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் குடியாத்தம், ஆம்பூர், ஆரணி, வாலாஜா என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் சரக்குக் கப்பலில். சிலர் பெரும் பணக்காரர்களின் சொகுசுக் கப்பல்களில், யாட் என்று சொல்கிறார்களே அவற்றில், டெக்கிலும் எஞ்சின் ரூமிலும் சமையலறையிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் போனில் அந்தக் கப்பலின் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி வருகிறது. அந்தப் புள்ளி நகர்ந்தால் நிம்மதி, நின்றால் கவலை, மறைந்தால் தூக்கம் போச்சு.

கப்பல்களில் ரேடியோ, மின்னணுக் கருவிகளைப் பார்த்தவன் என்பதால் காட்பாடியில் என்னிடம் இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் அறிகுறிகளையும், எதை எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் அடுத்த பத்தியை மட்டும் படித்துவிடுங்கள்.

கப்பலில் ஏ.ஐ.எஸ். என்று ஒரு கருவி இருக்கிறது. தன் எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் வி.எச்.எஃப். ரேடியோவில் அது ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கும். பயன்படுத்துவது இரண்டு அலைவரிசை: 161.975 மெகாஹெர்ட்ஸ், 162.025 மெகாஹெர்ட்ஸ். இது தண்டோரா மாதிரி. காது கேட்கும் தூரத்தில் இருப்பவனுக்குத்தான் சேதி. கரையில் யாரோ வைத்திருக்கும் ஆன்டெனா அதைக் கேட்டு இணையத்தில் ஏற்றினால்தான் மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற தளங்களில் புள்ளி தெரியும். ஆகவே அந்தப் புள்ளி கப்பல் இப்போது இருக்கும் இடம் அல்ல. கப்பல் தன்னைப் பற்றிச் சொல்லி, யாரோ கடைசியாகக் கேட்ட வார்த்தை. எந்தக் கோளாறாக இருந்தாலும் கேட்க வேண்டியவை இரண்டுதான்: இதைச் சொன்னது நம் கப்பல்தானா? எப்போது சொன்னது?

“பேரைப் போட்டா வேற ஏதோ கப்பல் வருது”

கடலில் ஒரே பெயரில் எத்தனை கப்பல் வேண்டுமானாலும் இருக்கலாம். சொகுசுக் கப்பல்களில் இது இன்னும் மோசம். ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தையே பெயராகக் கொண்டவை இரண்டு உண்டு: 2008-இல் வந்த 119 மீட்டர் மோட்டார் யாட், 2017-இல் வந்த 142.81 மீட்டர் பாய்மர யாட். ‘தில்பார்’ என்று தேடினால் 2016-இல் ஜெர்மனியின் லூர்சன் தளம் கட்டிய 156 மீட்டர் கப்பல் வரும். அதே உரிமையாளருக்காக 2005-இல் கட்டிய 110 மீட்டர் கப்பலும் முதலில் தில்பார்தான். பிறகுதான் அது ஓனா ஆனது. விற்றால் பெயர் மாறும். வாங்கியவர் தன் மகள் பெயரை வைத்தாலும் வைப்பார்.

எனவே பெயரை விடுங்கள். எண்ணைப் பிடியுங்கள். இங்கேதான் வீடுகளில் பெரிய குழப்பம், ஏனென்றால் பையன் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தில் நான்கைந்து எண்கள் இருக்கும். சி.டி.சி. எண் அவனுடைய கடலோடிப் புத்தகத்துக்கு உரியது. எழுத்தும் இலக்கமும் கலந்து வரும் இன்டோஸ் எண்ணும் அவனுக்கு உரியது. இந்த இரண்டையும் கப்பல் தேடும் தளத்தில் போட்டால் ஒன்றும் வராது. கப்பலுக்கு உரியவை இரண்டு. ஐ.எம்.ஓ. எண் ஏழு இலக்கம். எம்.எம்.எஸ்.ஐ. ஒன்பது இலக்கம்.

ஐ.எம்.ஓ. எண் கப்பலின் உடலோடு பிறந்தது. பெயர் மாறினாலும், முதலாளி மாறினாலும், கொடி மாறினாலும் அது மாறாது. வேலை ஒப்பந்தத்தில் பொதுவாகக் கப்பல் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கும். எழுதியதில் இலக்கம் பிசகியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம், எண்ணின் ஏழாவது இலக்கமாக இருக்க வேண்டும். 9074729 என்று வைத்துக்கொள்வோம்: 63, 0, 35, 16, 21, 4, கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9, எண்ணும் 9-இல் முடிகிறது. சரியான எண். இப்படி ஒத்துவரவில்லை என்றால் எங்கோ எழுத்துப் பிழை. மகனிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும் இருக்கும் சிறிய யாட்களுக்கு இந்த எண் இல்லாமலும் போகலாம். அப்போது எம்.எம்.எஸ்.ஐ. ஒன்றுதான் கதி.

எம்.எம்.எஸ்.ஐ. ரேடியோவுக்கு உரியது. அதன் முதல் மூன்று இலக்கம் எந்த நாட்டுக் கொடி என்று சொல்லும். இந்தியா 419. கேமன் தீவுகள் 319. மார்ஷல் தீவுகள் 538. பெர்முடா 310. மால்டாவுக்கு 248, 249 உட்படப் பல. “முதலாளி இத்தாலிக்காரர்னு சொன்னான், இதுல கேமன்னு போட்டிருக்குதே, ஏமாத்திட்டாங்களா?” என்று ஒரு அம்மா பதறிக்கொண்டு கேட்டார். ஏமாற்று இல்லை அம்மா. பெரிய யாட்களில் மிகப் பல இந்தச் சிறிய நாடுகளின் கொடியில்தான் பதிவாகின்றன. முதலாளி எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். கொடி மாற்றினால் எம்.எம்.எஸ்.ஐ. மாறிவிடும். “ஆறு மாசம் வரைக்கும் ஒழுங்கா வந்துச்சு, அப்புறம் சுத்தமா இல்ல” என்பவர்கள் ஐ.எம்.ஓ. எண்ணைப் போட்டுப் பார்த்தால், அதே கப்பல் புதுப் பெயரில், புது எம்.எம்.எஸ்.ஐ.யில் நிற்பது தெரியும்.

“புள்ளி பல நாளா ஒரே இடத்துல நிக்குது”

இதற்கு மூன்று காரணம் உண்டு. மூன்றையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, புள்ளியைத் தொட்டதும் வரும் பெட்டியில் ‘கடைசியாகப் பெறப்பட்டது’ என்ற வரியைப் படிப்பது.

அந்த நேரம் சில நிமிடங்களுக்கு முந்தையது என்றால், கப்பல் உண்மையிலேயே அங்கேதான் நிற்கிறது. கவலை வேண்டாம். யாட் என்பது ஓடுவதைவிட நிற்பது அதிகம். கோடையில் மத்தியதரைக் கடல், குளிர்காலத்தில் கரீபியன் அல்லது மாலத்தீவு, சீஷெல்ஸ் பக்கம்; இடையில் மாதக்கணக்கில் பழுதுபார்ப்பு. பார்சிலோனா, பிரான்ஸின் லா சியோட்டா போன்ற தளங்களில் அப்படி வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். வழக்குச் சிக்கலில் மாட்டினால் ஆண்டுக்கணக்கிலும் நிற்கும். மேலே சொன்ன பாய்மர யாட் ‘ஏ’, 2022 மார்ச்சில் இத்தாலியின் திரியெஸ்டே துறைமுகத்தில் முடக்கப்பட்டு அங்கேயே ஆண்டுகளைக் கழித்தது.

அந்த நேரம் பல நாளுக்கு முந்தையது, கடைசி இடம் ஒரு துறைமுகம் அல்லது உலர்தளம் என்றால், கருவிக்கு மின்சாரம் போயிருக்கும். உலர்தளத்தில் ஏறிய கப்பலில் ரேடியோ அணைந்திருப்பது சாதாரணம். 50 மீட்டர் அளவுள்ள யாட்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அவற்றைப் பெரிய சரக்குக் கப்பலின் மேல் ஏற்றி அட்லாண்டிக்கைக் கடத்துவார்கள். ஜெனோவாவில் மறைந்த புள்ளி சில வாரம் கழித்து புளோரிடாவில் முளைப்பது இப்படித்தான்.

மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்குவது: கடைசி இடம் நடுக்கடல், அல்லது கரையைவிட்டு விலகிப் போகும் வழி. இங்கே பதறுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கரை ஆன்டெனாவுக்கு எட்டும் தூரம் பொதுவாக 20 முதல் 40 கடல் மைல் வரைதான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் இலவசத் தளத்தில் புள்ளி உறைந்துவிடும். கப்பலின் கடைசி வேகம் 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல், என்று பெட்டியில் இருந்தால், ஒரு நாளில் 12 × 24, அதாவது 288 கடல் மைல் ஓடும். ஏடன் பக்கமிருந்து மாலே வரை 1,700 கடல் மைலுக்கு மேல். 1,700-ஐ 288-ஆல் வகுத்தால் ஆறு நாள். அந்த ஆறு நாளும் இலவசத் தளத்தில் ஒரு செய்தியும் வராது, வராததுதான் முறை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ மாலத்தீவுப் பக்கம் புள்ளி மறுபடி எழும். தூரம் அளக்கும் வசதி பல தளங்களில் இருக்கிறது. வரைபடத்தில் கடைசி இடத்திலிருந்து போகும் ஊர் வரை அளந்து, இந்த வகுத்தலைப் போட்டு, நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். நாள் குறித்த கவலை, குறிக்காத கவலையைவிட எவ்வளவோ தாங்கக்கூடியது. குடும்பங்களை அருகிலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

நடுக்கடலில் செயற்கைக்கோளும் இந்த அறிவிப்பைக் கேட்கிறது. அந்தச் சேவைக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டினாலும் அது நொடிக்கு நொடி வராது. கோள் தலைக்கு மேல் வரும்போதுதான் கேட்கும், கேட்டது கீழே இறங்கச் சற்று நேரம் பிடிக்கும். கப்பல் நெருக்கமான கடலில் ஆயிரக்கணக்கான அறிவிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நம்முடையது தவறியும் போகும். வீட்டுக்காக மாதச் சந்தா கட்டத் தேவையில்லை என்பது என் கருத்து. இன்றைக்குப் பெரிய யாட்களில் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது; மகனின் ஒரு வாட்ஸ்அப் செய்தி எந்தப் புள்ளியைவிடவும் நம்பகமானது.

“சிக்னலையே அணைச்சிட்டாங்க போல”

அணைக்கலாம். சர்வதேசப் பயணம் போகும் 300 கிராஸ் டன்னுக்கு (இது எடை அல்ல, பின்னால் விளக்குகிறேன்) மேற்பட்ட கப்பல்கள் ஏ.ஐ.எஸ். வைத்திருக்க வேண்டும் என்பது கடல் பாதுகாப்பு உடன்படிக்கையான சோலாஸின் விதி. 2004 முடிவுக்குள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் கருவி ஓடுவதால் கப்பலுக்கு ஆபத்து என்று கேப்டன் கருதினால் அணைத்துவைக்க அவருக்கு இடம் உண்டு. அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடற்கொள்ளை பயமுள்ள ஏடன் வளைகுடாவில் இது நடக்கிறது. முதலாளியின் தனிமைக்காக அணைப்பவர்களும் இருக்கிறார்கள். அது விதியின் நோக்கம் அல்ல, ஆனாலும் நடக்கிறது.

ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஏ.ஐ.எஸ். நின்றுபோவது ஆபத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆபத்துக்கென்று தனியாக ஈபெர்ப் என்ற கருவி இருக்கிறது. கப்பல் மூழ்கினால் தண்ணீர் அழுத்தத்தில் தானாகக் கழன்று மிதந்து, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிடும். இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் இருக்கிறது. நாம் பார்க்கும் தளங்கள் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தவை அல்ல.

2024 ஆகஸ்ட் 19 அன்று சிசிலித் தீவின் போர்ட்டிசெல்லோ அருகே, நங்கூரமிட்டு நின்ற 56 மீட்டர் பாய்மர யாட் ‘பேய்சியன்’ புயலில் மூழ்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கப்பலின் சமையல்காரர். அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்குப் புள்ளி மறைந்தால் நெஞ்சு படபடப்பது இயல்பு. அதனால்தான், எப்போது போனை எடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். மேலே சொன்ன கணக்குப்படி சேர வேண்டிய நாள் கடந்து, இன்னும் இரண்டு நாள் கடந்து, புள்ளியும் வரவில்லை, மகனிடமிருந்தும் செய்தி இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் அவனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சி. உரிமம் பெற்ற ஏஜென்சி என்றால் ஆர்.பி.எஸ்.எல். என்று தொடங்கும் எண் இருக்கும்; கப்பலின் நிலையை விசாரித்துச் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. அவர்கள் மழுப்பினால் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகம், டி.ஜி. ஷிப்பிங் என்றால் எல்லாருக்கும் தெரியும். உயிராபத்து என்று தெரிந்த செய்தி கையில் இருந்தால் கடலோரக் காவல்படையின் சென்னை மீட்பு ஒருங்கிணைப்பு மையம். யாரைக் கூப்பிட்டாலும் கப்பல் பெயர், ஐ.எம்.ஓ. எண், எம்.எம்.எஸ்.ஐ., மகனின் இன்டோஸ் எண், கடைசியாகப் புள்ளி தெரிந்த நாள், நேரம் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அந்தத் தாளை அவன் ஊருக்கு வந்திருக்கும்போதே எழுதி பீரோ கதவில் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது.

“எங்க இருக்கேன்னு கேட்டா சொல்லவே மாட்டேங்குறான்” என்பதும் அடிக்கடி வரும் குறை. யாட் வேலையில் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் சாதாரணம். இடத்தைச் சொல்வதும், படம் போடுவதும் வேலைக்கு உலை வைத்துவிடும். தம்பிகள், தங்கைகள் அந்த வரைபடத்தைப் படம் பிடித்து ‘எங்க அண்ணன் கப்பல்’ என்று ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பெருமை நியாயமானதுதான், வீட்டுக்குள் காட்டுங்கள்.

“இன்னாண்ணே, கப்பல் ரோட்டு மேல நிக்குது?”

சற்றே கரை ஏறியிருந்தால் அது ஒன்றுமில்லை. புள்ளி என்பது கப்பலின் ஜி.பி.எஸ். ஆன்டெனா இருக்கும் இடம். அதில் பத்து மீட்டர் பிசகு சகஜம். வரைபடத்தின் கீழே விரித்திருக்கும் வான்படமும் கொஞ்சம் விலகியிருக்கலாம். படித்துறையை ஒட்டி நிற்கும் கப்பல் பக்கத்து ஓட்டலுக்குள் நிற்பது போலத் தெரியும்.

பல கிலோமீட்டர் உள்ளே, அதுவும் ஒரு விமான நிலையத்தின் மேல் நின்றால், ஜி.பி.எஸ். சிக்னலில் யாரோ போலியைக் கலக்கிறார்கள். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே இருந்த கப்பல்கள் பல, கெலென்ஜிக் விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. 2019-இல் ஷாங்காய் பக்கம் கப்பல்கள் வட்டம் வட்டமாகச் சுற்றுவது போலத் தெரிந்தன. போர் நடக்கும் பகுதிகளை ஒட்டிய கடலில், கிழக்கு மத்தியதரைக் கடல் உட்பட, இப்போதும் இது தொடர்கிறது; பெய்ரூட் விமான நிலையத்தின் மேல் கப்பல்கள் குவிந்து தெரிந்த நாள்கள் உண்டு. உங்கள் கப்பலோடு வேறு கப்பல்களும் அதே இடத்தில் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். குவிந்திருந்தால் நோய் கப்பலில் இல்லை, வட்டாரத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியைத் தாண்டியதும் சரியாகிவிடும்.

புள்ளி கடலில் சரியாக இருந்து, அது வந்த தடம் மட்டும் நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், இடையில் அறிவிப்பு கேட்காத நேரத்தைத் தளம் நேர்கோட்டால் இணைத்திருக்கிறது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை.

“காலையில துருக்கி, மத்தியானம் பிரேசில்”

இரண்டு கருவிகளில் ஒரே எம்.எம்.எஸ்.ஐ. ஏறியிருக்கிறது. அந்த எண்ணைக் கருவிக்குள் தட்டுவது மனிதர்கள்; பழைய கருவியை வேறு படகுக்கு விற்று எண்ணை அழிக்காமல் விட்டிருந்தாலும் இப்படி ஆகும். தடத்தில் உள்ள புள்ளிகளைப் பட்டியலாகத் திறந்து, வேகத்தைப் பாருங்கள். மணிக்கு ஆயிரம் கடல் மைல் போகும் கப்பல் கிடையாது. புள்ளிகள் இரண்டு கொத்தாகப் பிரியும். மகன் சொன்ன கடல் எதுவோ அந்தக் கொத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

எண் 970, 972, 974 என்று தொடங்கினால் அது கப்பலே அல்ல, உயிர்காப்புக் கருவி. யாட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று தோன்றிப் பயந்தால், பெயர்ப் பகுதியில் ‘டெஸ்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் பரிசோதனைதான்.

“நிக்கிற கப்பல் ஓடுதுன்னு காட்டுது, நேரமும் தப்பா இருக்குது”

ஓடுகிறதா, நங்கூரத்திலா, கட்டியிருக்கிறதா என்ற நிலையை அதிகாரி கையால் மாற்ற வேண்டும். மறந்துவிடுவார்கள். வேகம் 0.1, 0.2 நாட் என்று காட்டினால் கப்பல் நங்கூரத்தில் ஆடுகிறது, அவ்வளவே. வேகம் 102.3, திசை 511 என்றெல்லாம் வந்தால் ‘தகவல் இல்லை’ என்பதற்கான குறியீடுகள் அவை. அட்சரேகை 91, தீர்க்கரேகை 181 என்பதும் அப்படித்தான்.

நேரம் பெரும்பாலும் யு.டி.சி.யில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள். 18:30 என்று இருந்தால் வேலூரில் நள்ளிரவு 12, தேதியும் மாறிவிடும்.

இலக்கு என்ற பகுதியும் கையால் தட்டியதே. இருபது எழுத்துக்கு மேல் கொள்ளாது. ஐ.என்.எம்.ஏ.ஏ. என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் சென்னை; எம்.வி.எம்.எல்.இ. மாலே. சில கேப்டன்கள் போன பயணத்தின் இலக்கையே விட்டுவைத்திருப்பார்கள். 2022 அக்டோபரில் ஹாங்காங்கிலிருந்து கிளம்பிய 142 மீட்டர் ‘நோர்ட்’ இலக்காகக் கேப்டவுனைக் காட்டியது; அதை வைத்தே அந்த நகர மேயர், கப்பலை உள்ளே விடக்கூடாது என்று பேசினார். இலக்கு என்பது ஒரு அறிவிப்பு மட்டும். கப்பல் அங்கேதான் போகும் என்ற உறுதி அதில் இல்லை.

“எண்ணை காப்பி பண்ணிப் போட்டா வட துருவத்துக்குப் போகுது”

அட்சம், தீர்க்கம் இடம் மாறிவிட்டது. சென்னைத் துறைமுகம் ஏறத்தாழ வடக்கு 13.08, கிழக்கு 80.29. மாற்றிப் போட்டால் வடக்கு 80, கிழக்கு 13. ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போய் நிற்கும். இன்னொரு சறுக்கல் சிறியது, ஆனால் கண்ணில் படாது: 13 பாகை 05 கலை என்பதை 13.05 என்று எழுதுவது. ஒரு பாகைக்கு 60 கலை. 5-ஐ 60-ஆல் வகுத்தால் 0.083. ஆக 13.083 என்று எழுத வேண்டும். இந்த வித்தியாசம் மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் வரும்.

“நீளம், எடை, வருஷம் ஒண்ணும் ஒத்துவரல”

என்னை அதிகம் ஈர்க்கும் பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

100 மீட்டர் கப்பலைத் தேடினால் 10 மீட்டர் என்று வருகிறதா? நீங்கள் பிடித்திருப்பது டெண்டர், அதாவது தாய்க்கப்பலின் சிறு படகு. பெயருக்கு முன்னால் ‘டி/டி’ என்று இருக்கும். அதற்குத் தனிக் கருவி, தனி எண். சில பெரிய யாட்களுக்குப் பின்னாலேயே துணைக்கப்பலும் போகும்; 2023-இல் வந்த 127 மீட்டர் பாய்மர யாட் ‘கோரு’வுக்கு 75 மீட்டர் ‘அபியோனா’ துணை. மகன் வேலை பார்ப்பது துணைக்கப்பலில் என்றால் தாய்க்கப்பலைத் தேடிப் பயனில்லை.

நீளத்தில் ஓரிரு மீட்டர் வேறுபாடு என்றால், ஏ.ஐ.எஸ். நீளத்தை அறிவிக்கும் முறையே காரணம். ஆன்டெனாவிலிருந்து முனை வரை ஒரு எண், ஆன்டெனாவிலிருந்து பின்பக்கம் வரை இன்னொரு எண், இரண்டும் முழு மீட்டரில், கூட்டினால் நீளம். 180.61 மீட்டரான ‘அஸ்ஸாம்’ 180 என்றும் வரலாம், 181 என்றும் வரலாம். கருவியைப் பொருத்தியவர் தவறாகத் தட்டியிருந்தால் எதுவும் வரலாம். அடியில் சொன்னால் அதுவே 592; மீட்டரை 3.2808-ஆல் பெருக்குங்கள். தண்ணீர் மட்டத்தில் அளந்த நீளத்தை யாராவது எழுதியிருந்தால் அது முழு நீளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

டன் என்றதும் எடை என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குழப்பம். கிராஸ் டன்னேஜ் எடை அல்ல. கப்பலின் மூடிய உள்வெளியின் கொள்ளளவிலிருந்து வரும் எண். 1969-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை அதற்கு ஒரு வாய்பாடு வகுத்தது. 10,000 கன மீட்டர் உள்வெளி இருந்தால் அது 2,800 கிராஸ் டன்னேஜ். எடை வேண்டுமானால் இடப்பெயர்ச்சி என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். இது புரிந்தால், “உலகத்துலயே பெருசு எது?” என்ற சண்டை தீரும். 2013-இல் லூர்சன் கட்டிய அஸ்ஸாம், நீளம் 180.61 மீட்டர், 13,136 கிராஸ் டன்னேஜ். அதே லூர்சனின் தில்பார் 156 மீட்டர்தான், ஆனால் 15,917. ஒல்லியாக நீண்டது ஒன்று, குட்டையாகப் பருத்தது ஒன்று. நீளத்தில் அஸ்ஸாம் பெரிது, கொள்ளளவில் தில்பார் பெரிது. இரண்டு பேர் சொல்வதும் சரியே.

பல யாட்கள் 499 கிராஸ் டன்னேஜ் என்று வருவதைப் பார்த்து, யாரோ எண்ணை இஷ்டத்துக்குப் போட்டதாகச் சிலர் சந்தேகப்படுகிறார்கள். இல்லை, 500-ஐத் தொட்டால் கட்டுமானம், பாதுகாப்பு, அதிகாரிகளின் சான்றிதழ் எல்லாவற்றிலும் விதிகள் இறுகும். அதனால் வேண்டுமென்றே 499-இல் நிறுத்தி வடிவமைக்கிறார்கள். அடுத்த எல்லை 3,000. மேல் சான்றிதழுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இது வெறும் விவரம் அல்ல. எந்த அளவுக் கப்பலில் எத்தனை மாதம் கடலில் இருந்தான் என்பதை வைத்துத்தான் அடுத்த படி. மகனின் கப்பல் எந்த எல்லைக்குள் வருகிறது என்று இப்போதே சரிபார்த்துக் குறித்து வையுங்கள்.

டிராஃப்ட், அதாவது கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம், பயணத்துக்குப் பயணம் மாறும், ஏ.ஐ.எஸ்.ஸில் அதையும் கையால்தான் மாற்ற வேண்டும். அந்த எண்ணை நம்பாதீர்கள்.

பிறகு எதை நம்புவது? கப்பல் தானே சொல்லிக்கொள்வதை விட்டு, பதிவேட்டைப் பாருங்கள். ஐ.எம்.ஓ. அமைப்பின் ஜிசிஸ் தளத்திலும், எக்வாசிஸ் தளத்திலும் இலவசமாகக் கணக்குத் தொடங்கி ஐ.எம்.ஓ. எண்ணைப் போட்டால் கட்டிய ஆண்டு, கொடி, கிராஸ் டன்னேஜ் எல்லாம் வரும். எக்வாசிஸில் நிர்வாக நிறுவனத்தின் பெயரும் பொதுவாகக் கிடைக்கும். அது ஒப்பந்தத்தில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று வேலைக்குப் போகும் முன்பே பார்ப்பது நல்ல பழக்கம். எம்.எம்.எஸ்.ஐ. மட்டும் இருந்தால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மார்ஸ் பட்டியல். கட்டிய ஆண்டு இரண்டு விதமாக வந்தால், ஒன்று நீரில் இறக்கிய ஆண்டாகவும் மற்றது ஒப்படைத்த ஆண்டாகவும் இருக்கும்.

“மாடியில ஆன்டெனா போட்டேன், ஒரு கப்பலும் வரல”

பொறியியல் படிக்கும் தம்பிகள் கேட்பது இது. யு.எஸ்.பி. ரிசீவர், ஏ.ஐ.எஸ். கேட்சர் மென்பொருள், 46 சென்டிமீட்டர் கால்-அலைக் கம்பி என்று எல்லாம் சரியாகச் செய்திருப்பார்கள். கோளாறு கருவியில் இல்லை, ஊரில் இருக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் அந்த முனையின் ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் வரும். கப்பலின் ஆன்டெனா 30 மீட்டர் என்றால் 22 அல்லது 23 கிலோமீட்டர். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 220 மீட்டர். சத்துவாச்சாரியில் ஒரு மாடியின் உயரத்தையும் சேர்த்தால் 63 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 86. வங்கக் கடல் நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, இடையில் மேடும் கட்டடமும் வேறு. ஏலகிரி உச்சிக்குப் போனாலும் கரை எட்டியும் எட்டாமலும் இருக்கும். கிழக்கே ஜவ்வாது மலை மறிக்கும். சில இரவுகளில் காற்றின் வெப்ப அடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவந்து ஓரிரு கப்பலைக் காட்டலாம். அதை நம்பி எதையும் அமைக்க முடியாது.

ராயபுரத்திலோ எண்ணூரிலோ உறவினர் வீட்டு மாடி கிடைத்தால் அதே கருவியை அங்கே வையுங்கள். கம்பி செங்குத்தாக நிற்கட்டும், கேபிள் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும், கடல் பக்கம் மறைப்பு வேண்டாம். ஓடும் கப்பல் 2 முதல் 10 நொடிக்கு ஒரு முறை இடத்தைச் சொல்லும், நங்கூரத்தில் நிற்பது 3 நிமிடத்துக்கு ஒரு முறை. பெயரும் நீளமும் 6 நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் முதலில் வெறும் எண்களே தோன்றும். பத்து நிமிடம் பொறுத்தால் பெயர்கள் ஒவ்வொன்றாக நிரம்பும். அங்கே வருபவை அநேகமாகச் சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களும்தான். யாட்டைத் தேடுகிறீர்கள் என்றால் கப்பல் வகை என்ற பகுதியில் 36 அல்லது 37 என்ற குறியீட்டுக்கு வடிகட்டி போடுங்கள்: 36 பாய்மரம், 37 உல்லாசக் கலம்.